இல்லாத நாளும் பொல்லாத போட்டியும்



மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம். உங்களில் பலர் எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள். விண்டோஸ் கணினி என்றால் ஒன்று செய்து பாருங்கள். வெற்றுக் கட்டம் ஒன்றில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் வந்ததே கிடையாது. நூற்றாண்டு முடியும் ஆண்டு 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு, 1900 வகுபடாது.

மைக்ரோசாஃப்ட்காரர்கள் இந்தப் பிழையைத் தெரிந்தேதான் சேர்த்தார்கள். எதிராளியின் சரக்கில் அது இருந்தது, அதனால் தங்கள் சரக்கிலும் இருக்க வேண்டியதாயிற்று. வியாபாரப் போட்டியில் இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

கணினியில் விரிதாள் என்பதைப் பிரபலமாக்கியது விசிகால்க். ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளினுக்கு யோசனை உதித்தது. நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் நிரல் எழுதினார். 1979-ல் ஆப்பிள் II கணினிக்கு வந்தது. இதற்காகவே அந்தக் கணினியை வாங்கியவர்கள் உண்டு. மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. பிரிக்ளினிடமும் காப்புரிமை இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் பின்தொடரலாம் என்ற நிலை.

பின்தொடர்ந்து முந்தியவர் மிட்ச் கேபர். ஒரு காலத்தில் தியானம் கற்றுக்கொடுத்தவர். பத்மாசனத்தை நினைத்துத்தான் நிறுவனத்துக்கு லோட்டஸ் என்று பெயர் வைத்தார். 1983 ஜனவரியில் ஐபிஎம் பிசிக்கு லோட்டஸ் 1-2-3 வந்தது. முதல் ஆண்டில் பத்து லட்சம் டாலருக்கு விற்கலாம் என்பது அவர் போட்ட திட்டம்; விற்றதோ ஐந்து கோடியே முப்பது லட்சம் டாலருக்கு. இத்தனைக்கும் விலை 495 டாலர். வேகம்தான் காரணம். ஜோனதன் சாக்ஸ் அதை அசெம்பிளி மொழியில் எழுதினார். திரையின் நினைவகத்தில் நேரடியாகவே எழுதும் நிரல் அது. வேறு கம்பெனிக்காரர் ஐபிஎம் பிசி மாதிரியே ஒன்றைச் செய்துகொண்டு வந்தால், “லோட்டஸ் ஓடுமா?” என்பதுதான் முதல் கேள்வி. விசிகால்க்கைப் படைத்தவர்களும் விற்றவர்களும் அந்நேரம் பார்த்துத் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். 1985-ல் படைத்தவர்களின் நிறுவனத்தை லோட்டஸே வாங்கிவிட்டது.

அதே ஆண்டு மெக்கின்டாஷுக்கு எக்செல் வந்தது, 1987-ல் விண்டோஸுக்கு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கோப்புகள் எல்லாம் லோட்டஸில். விரல்களும் லோட்டஸுக்குப் பழகியவை. சாய்கோட்டு விசையைத் தட்டினால் பட்டியல் வர வேண்டும். பழைய கோப்பைத் திறந்ததும் தேதி ஒரு நாள் தள்ளிக் காட்டினால் எந்தக் கணக்கர் ஒப்புக்கொள்வார்? அதனால் லோட்டஸில் இருந்த அந்த 1900 பிப்ரவரி 29 பிழையையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் எக்செல்லில் சாய்கோட்டு விசையைத் தட்டினால் மேல்பட்டை விழித்துக்கொள்கிறது.

போர்லண்ட் நிறுவனமும் இதே வழியில் போனது. அதன் குவாட்ரோ புரோ விரிதாளில், விரும்பினால் லோட்டஸின் பட்டியலையே வரவழைத்துக்கொள்ளலாம். லோட்டஸ் 1990-ல் வழக்குப் போட்டது. கீழ்நீதிமன்றம் லோட்டஸ் பக்கம் நின்றது. பட்டியலின் கட்டளைகள் கருவியை இயக்கும் முறைதான், அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நின்றது. ஆனால் போர்லண்ட் 1994-லேயே குவாட்ரோ புரோவை நோவெல் நிறுவனத்துக்கு விற்றிருந்தது; லோட்டஸை 1995-ல் ஐபிஎம் வாங்கிவிட்டது. பெற்ற தீர்ப்பை வைத்துக்கொண்டு விளையாட ஆடுகளம் மிஞ்சவில்லை.

லோட்டஸ் எங்கே சறுக்கியது? ஓஎஸ்/2 என்ற இயங்குதளம்தான் எதிர்காலம் என்று நம்பி அதில் உழைப்பைக் கொட்டியது. மக்களோ 1990-ல் வந்த விண்டோஸ் 3.0 பக்கம் போனார்கள். விண்டோஸுக்கான 1-2-3 வர 1991 ஆயிற்று. அதற்குள் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் மூன்றும் ஆபீஸ் என்று ஒரே பொட்டலமாகக் கடைக்கு வந்துவிட்டன. சாலையும் மைக்ரோசாஃப்டுடையது, அதில் ஓடிய பேருந்தும் அவர்களுடையது. இதை நேர்மையான பந்தயம் என்று முழுமனதாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனாலும் வந்த புதிதில் எக்செல், வாடிக்கையாளரின் பழைய உழைப்பை மதித்தது. அந்தப் பெருமையை மறுக்கவும் முடியாது.

வென்றபின் அந்த மரியாதை நீடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எக்செல் 2007 முதல் லோட்டஸ் கோப்புகளைத் திறப்பதில்லை. ஐபிஎம்மும் 2014-ல் 1-2-3-க்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று படித்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் காலத்துக் கணக்கு எதுவும் பழைய வட்டில் தூங்குகிறதா? முதலில் அதைப் புதுக் கணினிக்கு நகல் எடுத்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். அது இன்னும் லோட்டஸ் கோப்பைப் படிக்கும். உள்ளே என்ன இருந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்