ஆடியில் இரண்டு கூழ்: முகாம் பிள்ளைகளின் தட்டு சொல்வது என்ன?

ஆடி பிறந்தால் விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவும் அரிசி நொய்யும் சேர்த்துக் காய்ச்சிய கூழ்; தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாடு. யாழ்ப்பாணத்தில் ஆடிக்கூழ் என்றால் வேறு. அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்த இனிப்புக் கூழ் அது. விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்புத்துப்பட்டு போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில், வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இரண்டுமே ஆடிக்கூழ்தான்.

எப்படிக் கலக்கிறது?

அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தின் உப்புமா, கிச்சடி, பொங்கல். மதியம் சத்துணவு, முட்டை. ராத்திரி வீட்டில் புட்டோ இடியப்பமும் சொதியுமோ. பள்ளியில் ருசி கண்ட பிள்ளை வீட்டிலும் சாம்பார் கேட்கும். தாயும் வைத்துத் தருவார். ஆசை மட்டும் காரணமில்லை, காசும்தான். 2021-ல் உயர்த்திய பிறகும் முகாம் குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,500 ரூபாய். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 500. தேங்காய் விலை ஏறினால் சொதிக்குப் பால் பிழிவது யோசிக்க வேண்டிய செலவு.

லேசில் விட்டுக்கொடுக்காதது கறித்தூள். மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் வறுத்து இடிப்பது. அதற்கான மிளகாய் வீட்டில் ‘செத்தல்’, கடையில் ‘காய்ந்த மிளகாய்’. பிள்ளைக்கு இரண்டு பேரும் தெரியும். பனங்கிழங்கு இந்த மாவட்டத்திலும் தாராளம்; பிளந்து காயவைத்தால் ஒடியல், இடித்தால் ஒடியல் கூழுக்கு மாவு.

சட்டம் என்ன சொல்கிறது?

1983 முதல் வந்தவர்களில் இன்னும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழக முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பால் குடியுரிமை உண்டு. அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாகவும் இருக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து, உரிய ஆவணமில்லாமல் படகேறி வந்தவர்களுக்கு இந்தப் பெயர்தான். 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது. அதில் இலங்கை இல்லை.

விளைவு? அரசுப் பள்ளியில் படித்து, இந்த ஊர்ச் சாப்பாட்டிலேயே வளர்ந்த பெண்ணுக்கு வாக்கு இல்லை, இந்திய பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை.

திரும்பிப் போக விரும்புவோருக்குப் பாதுகாப்பான வழி வேண்டும். ஆனால் இங்கே பிறந்து, போகச் சொன்னாலும் போவதற்கு ஊர் அறியாத பிள்ளைகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. முகாம்களுக்கு ‘மறுவாழ்வு’ என்று பெயர் மாற்றியதும், புது வீடுகள் கட்டியதும் நல்ல காரியங்கள். அடுத்த படி டெல்லியில் இருக்கிறது. இந்திய மண்ணில் பிறந்த அகதிப் பிள்ளைகளுக்காவது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை மத்திய அரசு திறக்க வேண்டும்.