30 ஹெர்ட்ஸ்: பெட்டியில் அச்சிடப்படாத எண்

ஓசூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்பவர்கள் மாநில எல்லையைக் கடந்ததும் நுழையும் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. நெடுஞ்சாலையில் இன்னும் சற்று தூரம் சென்றால் எலக்ட்ரானிக் சிட்டி. மாநகரத்து வாடகைக்கு அஞ்சியவர்கள் அறை எடுத்துத் தங்கும் இத்தகைய ஊரில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பல மாதச் சேமிப்பில் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று வாங்குகிறார். மடிக்கணினியின் சிறிய திரையில் ஓலைச்சுவடிப் படங்களையும் தம் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க இயலவில்லை என்பதே காரணம்.

இணைத்ததும் படம் வருகிறது. ஆனால் சுட்டி இழுபடுகிறது. பக்கத்தை உருட்டினால் எழுத்துகள் தத்தித் தத்தி நகர்கின்றன. அரைமணி நேரத்தில் கண் சோர்கிறது. அமைப்புகளைத் திறந்து பார்த்தால் புதுப்பிப்பு வீதம் 30 ஹெர்ட்ஸ் என்றிருக்கிறது. 60 என்ற தெரிவே பட்டியலில் இல்லை. டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுகிறார். விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறார். மானிட்டர் பழுது என்று ஒரு நண்பரும், மடிக்கணினி பழசு என்று மற்றொருவரும் சொல்கின்றனர். முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் எஸ்.பி. ரோடு வரை பேருந்தில் சென்று வேறு மானிட்டர் விசாரிக்கும் நிலைக்கு வருகிறார். உண்மையில் மானிட்டரும் பழுதில்லை, மடிக்கணினியும் பழசில்லை. இரண்டுக்கும் நடுவே அவர் செருகியிருந்த, மேலட்டையில் '4கே' என்று மட்டும் அச்சிட்ட சிறிய யுஎஸ்பி-சி ஹப் 30க்கு மேல் தர இயலாதது. அந்த '30' அட்டையின் முகப்பில் இல்லை.

இதைத் தனிமனிதரின் தொழில்நுட்ப அறியாமை என்று கடந்து போவது எளிது. அது தவறு. இங்கே கோளாறு என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி, விற்கும்போது மறைக்கப்பட்ட ஓர் எண்ணின் விளைவு. கருவிகள் தத்தம் இயல்பின்படி சரியாகவே வேலை செய்கின்றன. அவற்றின் இயல்பு இன்னதென்று வாங்குபவருக்குத்தான் சொல்லப்படவில்லை.

கணக்கு கடினமானதன்று. 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400 படப்புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 60 முறை அனுப்பினால் ஏறத்தாழ 11.9 கிகாபிட், 30 முறை அனுப்பினால் ஏறத்தாழ 6 கிகாபிட். இடைவெளிக் குறிகைகளுக்காக இன்னும் சிறிது சேரும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இன் மொத்த வேகம் நொடிக்கு 10.2 கிகாபிட். குறியேற்றத்துக்குப் போக, படத்துக்கு எஞ்சுவது ஏறத்தாழ 8.2. ஆகவே 30 அதில் அடங்கும், 60 அடங்காது. 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 மொத்த வேகத்தை 18 கிகாபிட்டாக உயர்த்தியது. அதில் 60 அடங்கும். இவ்விரு துளைகளும் பார்வைக்கு ஒன்றே. அளவும் வடிவும் ஒன்று. ஒன்றில் பக்கம் ஒழுகிச் செல்கிறது, மற்றொன்றில் தத்துகிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிநொடி, 30இல் 33.3. நாள்தோறும் எட்டு மணி நேரம் எழுத்தை உருட்டிப் படிப்பவரின் கண் இந்த இரட்டிப்பை உணராமல் இருக்க முடியாது.

யுஎஸ்பி-சி வந்தபின் குழப்பம் கூடியது. 2014 முதல் இதே துளை வழியாக டிஸ்ப்ளேபோர்ட் குறிகையையும் அனுப்ப வழி வகுக்கப்பட்டது. ஆனால் எல்லா யுஎஸ்பி-சி துளைகளிலும் படம் வராது. தரவும் மின்சாரமும் மட்டும் செல்லும் துளைகளும் உண்டு. படம் வரும் துளையிலும் அதிவேகப் பாதைகள் நான்குதான். ஹப்பில் பென்டிரைவுக்கும் வன்தட்டுக்கும் வேகமான யுஎஸ்பி இணைப்பு இருந்தால், அது இரண்டு பாதைகளை எடுத்துக்கொள்கிறது. படத்துக்கு எஞ்சுவது இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தலைமுறையில் அவ்விரண்டு பாதைகள் தருவது நிகரமாக 8.64 கிகாபிட். 4கே 60 அதற்குள் நுழையாது. 1.4 தலைமுறையில் அதே இரண்டு பாதைகள் 12.96 தருகின்றன, நெருக்கியடித்து நுழைந்துவிடும். ஹப், மடிக்கணினி இரண்டும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இந்த விவரத்தைச் சொல்லி விற்கும் கடைக்காரர் அரிது.

மானிட்டரை இணைத்தவுடன் அது தன் திறன்களைப் பட்டியலிட்டு மடிக்கணினிக்கு அனுப்புகிறது. ஈடிஐடி எனப்படும் இந்தச் சீட்டை வெசா அமைப்பு 1994இல் வகுத்தது. அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். எல்லைச் சோதனைச்சாவடியில் வண்டி ஆவணத்தைக் காட்டுவது போன்றது இது. நடுவில் இருக்கும் ஹப் அந்தச் சீட்டைத் தன் திறனுக்கேற்பத் திருத்தி அனுப்புவதும் உண்டு. அப்போது 60 என்ற வரியே மடிக்கணினியை எட்டாது. சாதாரண எச்டிஎம்ஐ கேபிளோ இந்தப் பேச்சில் கலந்துகொள்வதே இல்லை. அதனால் தாங்க முடியாத வேகத்தைச் சுமத்தினால் அது குறைத்துக் கேட்காது. திரை கறுத்துக் கறுத்து மீளும், அல்லது புள்ளிகள் மினுங்கும். ஆக, 60 என்ற தெரிவு பட்டியலிலேயே இல்லையென்றால் முதலில் ஐயுற வேண்டியது துளையையும் ஹப்பையும். 60 கிடைத்தும் படம் அறுந்து அறுந்து வந்தால் கேபிளை.

சரிபார்க்கும் வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. மக்கள் டிரைவரில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது. முதலில், விண்டோஸின் மேம்பட்ட காட்சி அமைப்பில் இப்போதைய வீதமும் கிடைக்கும் வீதங்களும் என்னவென்று பார்க்க வேண்டும். தெரிவில் 60 இருந்தும் 30இல் நின்றிருந்தால் மாற்றினாலே போதும். அடுத்து, மடிக்கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு அதன் துளை எந்தத் தலைமுறை என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் தேட வேண்டும். மூன்றாவதாக, ஹப்பை நீக்கி நேரடியாக இணைக்க வேண்டும். நான்காவதாக, மானிட்டரின் சொந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ துளையைப் பழைய முறையிலிருந்து புதியதற்கு மாற்றும் தெரிவும், யுஎஸ்பி-சியில் தரவு வேகமா படத்தெளிவா என்று கேட்கும் தெரிவும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஐந்தாவது கேபிள். இவ்வளவுக்கும் பின்னரே டிரைவர். ஒரே படத்தை இரு திரையிலும் காட்டும் முறையில் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான குறைந்த வீதத்துக்கு இறங்கிவிடுவதும் உண்டு. அதை விரிவாக்க முறைக்கு மாற்றிப் பார்ப்பது நன்று.

கோளாறே இல்லாத கோளாறும் ஒன்றுண்டு. பட்டியலில் 60க்குப் பக்கத்தில் 59 இருப்பதைக் கண்டு பலர் கலங்குகின்றனர். அமெரிக்கா 1953இல் வண்ணத் தொலைக்காட்சி முறையை ஏற்றபோது, வண்ணமும் ஒலியும் ஒன்றையொன்று குலைக்காதிருக்க 60ஐ 59.94 ஆகச் சற்றுக் குறைத்தது. அந்தப் பின்னத்தையே விண்டோஸ் 59 என்று காட்டுகிறது. அம்முறையைப் பின்பற்றாமல் 50இன் அடிப்படையில் தொலைக்காட்சி நடத்திய இந்தியாவில், எழுபதாண்டுக்கு முந்தைய அமெரிக்கச் சமரசம் ஒன்று இன்றும் மடிக்கணினியில் எட்டிப் பார்க்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. பழைய எச்டிஎம்ஐ வழியாகவே 60ஐத் தந்துவிட்டதாகக் காட்டும் உத்தி ஒன்று இருக்கிறது: நிறத் தகவலைக் கால்பங்காகக் குறைத்து அனுப்புவது. திரைப்படம் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எழுத்துப் படிப்பவருக்குத் தெரியும். நிற எழுத்துகளின் ஓரம் மங்கும்; சிவப்புக் கோட்டால் குறித்த திருத்தங்கள் கலங்கும். சுழிகளும் புள்ளிகளும் நிறைந்த தமிழ் எழுத்தைச் சிறிய அளவில் படிப்பவர் இதை விரைவில் உணர்வார். வீதம் 60 என்று காட்டினாலும், நிற வடிவம் ஆர்ஜிபி அல்லது 4:4:4 என்றிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இத்தனையையும் ஒரு பயனர் கற்றுக்கொள்ள வேண்டுமா என்பதே கேள்வி. பெயர்கள் உதவவில்லை, திசைதிருப்புகின்றன. நொடிக்கு 5 கிகாபிட் தரும் ஒரே இணைப்பு முதலில் யுஎஸ்பி 3.0 ஆகவும், பின்னர் 3.1 ஜென் 1 ஆகவும், அதன்பின் 3.2 ஜென் 1 ஆகவும் பெயர் மாறியது. வேகம் மாறவே இல்லை. 2021 இறுதியில் எச்டிஎம்ஐ உரிம நிர்வாகம் அளித்த விளக்கம் இன்னும் வியப்பானது: 2.0 என்ற பெயர் இனி தனியே இல்லை, 2.1இன் புதிய திறன்கள் யாவும் விருப்பத்துக்குரியவை. அதாவது, பழைய திறன் மட்டுமே உள்ள கருவியும் 2.1 என்ற பெயரைத் தாங்கலாம்; எந்தத் திறன் உண்டு என்பதைத் தயாரிப்பாளர் தனியே குறிப்பிட வேண்டும். கட்டற்ற மென்பொருளில் பணிபுரியும் ஆய்வகங்களுக்கு இன்னொரு தடையும் வந்தது. திறந்த மூல லினக்ஸ் டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1ஐச் செயல்படுத்த ஏஎம்டி முன்வைத்த முயற்சியை எச்டிஎம்ஐ மன்றம் ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. கருவியில் திறன் இருந்தது. அதைத் திறந்த நிரலாக எழுத இசைவு கிடைக்கவில்லை.

இந்தியச் சட்டத்தின் பார்வை எங்கே நிற்கிறது? 2012இன் கட்டாயப் பதிவு ஆணை மடிக்கணினி உள்ளிட்ட மின்னணுப் பொருள்களைப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்தியது. 2023 சனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் யுஎஸ்பி டைப்-சிக்கான தரநிலையை வெளியிட்டது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி விலை, அளவு, தயாரித்தவர் பெயர், குறைதீர் தொடர்பு ஆகியவை அச்சிடப்பட வேண்டும். இவையனைத்தும் தேவையானவையே. ஆனால் மின்சாரம் தாக்காது என்று உறுதிசெய்யும் ஏற்பாடு, அந்தக் கருவி எத்தனை கிகாபிட் கடத்தும் என்று சொல்லவைப்பதில்லை. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், ஆற்றல், தரநிலை ஆகியவற்றை அறியும் உரிமையை நுகர்வோருக்கு வழங்கியிருக்கிறது. ஹப் ஒன்றின் ஆற்றல் அதன் அலைவரிசைக் கொள்ளளவன்றி வேறென்ன?

முன்னுதாரணத்துக்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. எரிசக்தித் திறன் செயலகம் 2006இல் தொடங்கிய நட்சத்திர முத்திரையைச் சிற்றூர்க் கடையில் குளிர்பதனப் பெட்டி வாங்குபவரும் எண்ணிப் பார்க்கிறார். அமுக்கியின் இயக்கவியல் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, நட்சத்திரம் போதும். அதேபோல் ஹப், கேபிள், மானிட்டர், மடிக்கணினி ஆகிய நான்கின் அட்டையிலும் 'அதிகபட்சம் 4கே, 60 ஹெர்ட்ஸ், முழு நிறம்' என்று ஒரே வரி கட்டாயமாக்கப்பட்டால், சிக்கலின் பெரும்பகுதி கடையிலேயே தீரும். யுஎஸ்பி அமைப்பே 2022இல் தலைமுறைப் பெயர்களை விட்டு வேகத்தை எண்ணாக அச்சிடும் முறைக்கு மாறத் தொடங்கியது. எனவே இது இயலாத கோரிக்கையன்று.

பல்கலைக்கழகங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. துறைகளின் கொள்முதல் குறிப்பில் '27 அங்குல 4கே மானிட்டர்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். 'மடிக்கணினியிலிருந்து ஹப் வழியாக 4கே 60 ஹெர்ட்ஸ் முழு நிறத்தில் இயக்கிக் காட்ட வேண்டும்' என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால், பொருளைப் பெறும்போதே சோதித்துவிடலாம். நூலகங்களிலும் ஆய்வகங்களிலும் இருக்கும் மானிட்டர்களின் வீதத்தை ஒரு பிற்பகலில் பார்த்து முடிக்கலாம். 30இல் ஓடுகிறது என்று யாரும் அறியாமலே ஆண்டுக்கணக்கில் பயன்படும் திரைகள் அங்கே இருக்கக்கூடும்.

நாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல்கள் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின்றி முனைவர் பட்டம் பயில்வோரின் மாத உதவித்தொகை 8,000 ரூபாய். ஒரு 4கே மானிட்டர் அதைப்போல் பல மடங்கு. அந்தத் தொகையிலிருந்து சேர்த்து வாங்கியவர், அட்டையில் அச்சிடப்படாத ஓர் எண்ணுக்காக இரண்டாம் முறை செலவழிப்பது சிறிய செய்தியன்று. அதைவிடக் கொடியது, 'எனக்கு இதெல்லாம் தெரியாது' என்று அவர் தம்மையே குறைசொல்லிக்கொண்டு மங்கும் கண்ணோடு படித்துக்கொண்டிருப்பது.

தெரியாதது அவர் குற்றமன்று. அவரிடம் சொல்லப்படவில்லை. அத்திபெலே அறையில் அந்த ஹப்பைக் கழற்றி, நேரடிக் கேபிள் ஒன்றைச் செருகினால் பட்டியலில் 60 தோன்றும். அடுத்த நொடி சுவடியின் வரிகள் தத்தாமல் நகரும். அந்த எண்ணை அவர் கடையிலேயே படித்திருக்க வேண்டும்.