கமெண்டையும் சேர்த்துத் திருத்துங்கள்

நாங்கள் பயன்படுத்தும் சி லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கு,

உங்கள் புதிய பதிப்புக்கு மாறியதும் எங்கள் புரோகிராம் பாதி வேலையில் விழுந்தது. திரையில் வந்தது 'ஃப்ரீ: இன்வேலிட் பாயிண்டர்' என்ற ஒரே வரி. எங்கள் கோடைத் தலைகீழாகப் புரட்டியும் தவறு அகப்படவில்லை. அது இருந்தது உங்கள் ஹெடர் கோப்பில்.

ஒரு ஃபங்ஷனின் தலைக்கு மேலே, கிடைக்கும் ஸ்ட்ரிங்கை அழைப்பவரே ஃப்ரீ செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பதிப்பில் அது சரி. இப்போதோ வேகத்துக்காக, லைப்ரரிக்குள் நிலையாக இருக்கும் ஒரு பஃபரின் முகவரியைத் தருகிறீர்கள். கோடை மாற்றியவர் இரண்டு வரி மேலே இருந்த கமெண்டைத் தொடவே இல்லை. நீங்கள் சொன்னபடி ஃப்ரீ செய்தோம், விழுந்தோம்.

அந்தக் கமெண்டுக்கு ஒரு திருத்தம் அனுப்பினோம். கோடில் மாற்றம் இல்லாததால் அவசரமில்லை என்று ஒதுக்கிவிட்டீர்கள். எங்கள் மனக்குறை இதுதான்.

சி மொழியில் மெமரி யாருடையது என்பதை டைப் சொல்லாது. 'ஸ்ட்ர்டப்' தருவதும் கேரக்டர் பாயிண்டர்தான், 'கெட்என்வ்' தருவதும் அதுதான். முதலாவதை நாம் ஃப்ரீ செய்தாக வேண்டும், இரண்டாவதைச் செய்யவே கூடாது. கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் எழுதிவைத்த விளக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அப்படியானால் அந்தக் கமெண்டும் உங்கள் ஏபிஐயின் ஒரு பகுதிதான். அது பொய் சொன்னால் அதுவும் பக்தான்.

பொறுப்பாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் 'எஸ்என்பிரிண்ட்எஃப்' 2.0.6 பதிப்புவரை, இடம் போதாமல் எழுத்து வெட்டுப்பட்டால் -1 தந்தது. 2.1 முதல், முழுவதும் எழுத எவ்வளவு நீளம் தேவையோ அதைத் தருகிறது. பெயரும் டைப்பும் மாறவில்லை, பொருள் மட்டும் மாறியது. அந்த மாற்றம் லினக்ஸ் மேன் பக்கத்தில் பதிப்பு எண்ணோடு பதிவாகியிருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஒரு வரி கிடைத்திருந்தால் போதும்.

கமெண்டுகளிலிருந்து ஆவணம் தயாரிக்கும் டாக்சிஜென் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். கமெண்டில் உள்ள பாராமீட்டர் பெயர் ஃபங்ஷனில் இல்லையென்றால் அது எச்சரிக்கும். சொன்ன சங்கதி உண்மையா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் விட்டுவைத்த பழைய வாக்கியத்தை அழகான பக்கமாக்கி எல்லோருக்கும் பரப்பும், அவ்வளவுதான். அதைப் பிடிக்க ரிவ்யூ செய்யும் மனிதக் கண்தான் வேண்டும்.

கமெண்ட் எழுதுவது பெயர் கிடைக்காத வேலை என்று தெரியும். உங்களில் பலர் சம்பளமின்றி இரவில் உட்கார்ந்து உழைப்பதும் தெரியும். அதனால்தான் திருத்தத்தை நாங்களே எழுதி அனுப்பினோம்.

அந்தப் பேட்சைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அதே பஃபருக்கு மாற்றிய மற்ற ஃபங்ஷன்களின் கமெண்டுகளையும் சரிபாருங்கள். இனி ஒரு ஃபங்ஷன் நடந்துகொள்ளும் விதம் மாறினால், அதே கமிட்டில் கமெண்டும் மாறாதவரை அதை ஏற்காதீர்கள். அடுத்த ரிலீஸ் குறிப்பில், எந்தப் பதிப்பிலிருந்து ஃப்ரீ செய்யக் கூடாது என்று எழுதுங்கள். பழைய பதிப்பிலிருந்து இன்னும் மாறாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரியை நம்பி எழுதும் ஒரு புரோகிராமர்