படி தாண்டாத பலகாரம்

பண்டிகை நெருங்குகிறதென்றால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எத்தனை போத்தல் முறுக்கு வாங்குவது என்பது ஒன்று; யார் யார் வீட்டுக்குக் கொடுப்பது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை பணப்பையில் இருக்கின்றது. இரண்டாவதற்கு விடை மனத்தில் இருக்கின்றது. அம்மனத்தைச் சற்றே திறந்து பார்க்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசகர்கள் நம்மைத் தவறாகக் கருதலாகாது. பாட்டி சுட்ட அதிரசம்போல் இனி வருமா என்று பெருமூச்செறிவதற்காக நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. குடும்பத்தார் ஒன்றுகூடி வீட்டிலே எளிய பலகாரஞ் செய்து, அதனை அண்டை அயலார்க்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, மேடைப் பேச்சும் சட்டப் புத்தகமும் எட்ட முடியாத இடத்தை எட்டக்கூடிய ஒரு சமுதாயச் சாதனம் என்பது நமது துணிபு. அச்சாதனத்தை நாமே துருப்பிடிக்க விட்டிருக்கிறோம் என்பது நமது குற்றச்சாட்டு.

பாகான் டாலாமையே எடுத்துக்கொள்வோம். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும் புகைவண்டி நிலையத்துக்கும் அண்மையிலுள்ள பகுதி அது. மலாய் மொழியிற் பாகான் என்றால் படகுத்துறை. டாலாம் என்றால் உட்புறம். தமிழர் பலர் வாழும் இவ்விடத்தில் மலாயரும் சீனரும் நமக்கு அண்டை வீட்டார். ஒரு சுவருக்கு இப்பால் ஒரு மொழி, அப்பால் ஒரு மொழி. இத்தகைய சுவர்களைத் தாண்டி நம்மவர்க்காகத் தூது சென்றது யார்? தலைவர்களா? தீர்மானங்களா? அல்ல! பலகாரத் தட்டே சென்றது.

சான்று வேண்டுமா? முறுக்கு என்ற நம் சொல்லை மலாயர் ஏறத்தாழ அப்படியே வழங்குகின்றனர். இடியாப்பத்தைப் 'புத்து மாயாம்' என்று கேட்டு வாங்கி, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து மூவினத்தாரும் உண்கின்றனர். நாம் அச்சு முறுக்கு என்பதை மலாயர் 'குவே லோயாங்' என்று நோன்புப் பெருநாளுக்குச் சுடுகின்றனர். சீனரும் தங்கள் புத்தாண்டுக்குச் சுடுகின்றனர். அது யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்ற வழக்கில் நாம் இறங்கவில்லை. மூன்று வீட்டு அடுப்பிலும் அது பொரிகின்றது என்பதே நமக்குப் போதும்.

அயல் இனத்தார் வீட்டுக்குப் போன தட்டு, நம் இனத்தார் வீடுகள் எல்லாவற்றுக்கும் போயிற்றா? இங்கேதான் நாம் தலைகுனிய நேர்கின்றது.

இக்கரையில் இனிப்புக்கும் தமிழனுக்கும் உள்ள தொடர்பே கசப்பானது. 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் பெற்ற இந்நிலத்துக்குப் புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று பெயர் வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அக்கரும்பை வெட்டுவதற்கு நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். உலகத்துக்குச் சர்க்கரை, உழைத்தவனுக்கு ஒப்பந்தச் சீட்டு! 1910இல் அம்முறையில் ஆள்சேர்ப்பது நின்றது. கங்காணி முறையோ அதன் பின்னும் நடந்து, 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்த பிறகே ஓய்ந்தது.

கடல் கடந்தால் ஜாதி கெடும் என்றது பழைய சாஸ்திரம். கப்பலின் மேல்தளத்தில் எல்லா ஜாதியாரும் ஒருவர்மேல் ஒருவராய்க் கிடந்தே வந்தனர். பினாங்கையடுத்த ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமிலும் ஒன்றாகவே அடைபட்டனர். அம்மைக்கும் வாந்திபேதிக்கும் உயர்ந்தவன் தாழ்ந்தவன் தெரியவில்லை. ஆயினும், தோட்டத்தில் மூட்டையை அவிழ்த்தபோது துணிமணிகளோடு ஜாதியும் வெளியே வந்தது! கங்காணி தன் ஊராரையும் தன் உறவினரையும் திரட்டி வந்தமையால், ஊர்க்கட்டுப்பாடும் உடன் வந்தது. சில தோட்டங்களில் 'தாழ்ந்தவர்' எனப்பட்டோர்க்கு லயமே தனியாயிற்று. துரையின் கண்ணில் இருவரும் ஒரே கூலிக்காரர். ஆயினும் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்கமாட்டார். என்னே பேதைமை!

ஜாதியின் கோட்டைக்கு இரண்டு வாயில்கள். ஒன்று மணப்பந்தல், மற்றொன்று சமையற்கட்டு. இதனை அறிந்தோர் சமையற்கட்டின் மேலேயே போர் தொடுத்தனர். 1867இல் வடலூரில் இராமலிங்க வள்ளலார் ஏற்றிய அடுப்பு, பசித்தவன் யார் என்று கேட்டதேயன்றி அவன் எந்த ஜாதி என்று கேட்கவில்லை. 1917இல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்பித்தார். அதற்காக அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினர். அவ்வசையை அவர் விருதாகவே ஏற்றுக்கொண்டார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி நடந்தது என்பதற்காக 1925இல் தமிழ்நாடே கொதித்தது. அக்கொதிப்பில் முன்னின்ற பெரியார் 1929 டிசம்பரில் பினாங்குத் துறையில் வந்திறங்கி, இந்நாட்டுத் தமிழரிடையே சுயமரியாதைக் கருத்துகளைப் பேசினார். இத்தனையும் ஒரு வேளைச் சோற்றைப் பற்றிய போர்களே. சோற்றில் இத்தனை இருக்குமானால் முறுக்கில் இல்லையா?

இன்று லயம் இல்லை. தோட்டங்களும் பெரும்பாலும் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போயின. நம்மவர் நகரத்து அடுக்குமாடியில் வாழ்கின்றனர். 'இக்காலத்தில் ஜாதி எங்கே ஐயா?' என்று கேட்பார் உளர். அவர்களுக்கு ஒரு சோதனை சொல்வோம். உங்கள் வீட்டுத் தட்டு எந்தெந்தப் படியைத் தாண்டுகிறதென்று பாருங்கள். திரும்பி வரும் தட்டிலுள்ளதை உங்கள் வீட்டார் உண்கின்றனரா, அல்லது சிரித்த முகத்தோடு வாங்கி வைத்து, வாசற்கதவு சாத்தியபின் வேறொருவர் தலையிற் கட்டுகின்றனரா என்றும் பாருங்கள். கொடுப்பதில் வள்ளல், வாங்கி உண்பதில் வருணாசிரமி! இத்தகையோர் கொடுப்பது பலகாரமன்று, பிச்சை. கொடுப்பவனும் கொள்பவனும் மாறி மாறி இடம் பெயரும் இடத்திலேதான் நட்பு உண்டு. ஒருவன் என்றும் கொடுப்பவனாகவும் மற்றவன் என்றும் கொள்பவனாகவும் நின்றால் அஃது ஆண்டான் அடிமை முறையன்றி வேறென்ன?

இங்கே ஒரு மறுப்பு எழும். 'மலாய் நண்பர் சிலர் நம் வீட்டுப் பண்டத்தை ஏற்கத் தயங்குவதில்லையா? அதுமட்டும் குற்றமில்லையோ?' என்பர். இது வாதமன்று, குழப்பம். இப்பண்டத்தில் பன்றிக் கொழுப்பு கலந்துளதா என்று இஸ்லாமியர் கேட்கின்றார். நீரிழிவுடையவர் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கின்றார். புலால் உண்ணாதவர் முட்டை சேர்ந்ததா என்று கேட்கின்றார. இவர்கள் அனைவரும் பொருளைப் பற்றிக் கேட்கின்றனர். தாவர எண்ணெயிற் பொரித்தது என்று சொல்லி, புதிய கலத்திலிட்டு மூடிக் கொடுத்தால், தயக்கம் பெரிதும் தீரும். தீராவிடினும் அவர் மனச்சான்றை மதிப்பது நம் பண்பு. ஜாதிக்காரன் கேட்பதோ வேறு. அரிசி தூயது, எண்ணெய் புதியது, சட்டி துலக்கியது என்று அவன் அறிவான். அறிந்தும், எந்தக் கை பிழிந்தது என்று கேட்கின்றான். பொருளைக் கேட்பது எச்சரிக்கை. ஆளைக் கேட்பது தீண்டாமை. இரண்டையும் ஒரு தராசில் நிறுப்பவர், தம் அழுக்கை மறைக்க அயலான் ஆடையைக் காட்டுகின்றவரே.

இனி, மற்றொரு சாராரை நோக்குவோம். அவர்கள் நம்மவரே, முற்போக்கினர். 'பலகாரஞ் செய்வதென்பது பெண்களை அடுப்படியில் வாட்டும் வேலை. கடையில் வாங்கினால் அவர்களுக்கு விடுதலை' என்கின்றனர். வாட்டம் உண்மை; நாம் மறுக்கவில்லை. பிறைத் தொழிற்சாலையில் இரவு முறை முடித்துவந்த பெண்ணொருத்தி, பகலில் மாவிடித்து, மாலையில் எண்ணெய்ச் சட்டிமுன் நின்று, இரவில் போத்தல் அடுக்க, அவள் கணவன் சாய்வு நாற்காலியிலிருந்து, 'உப்புச் சற்றுக் குறைவு' என்று தீர்ப்பளிக்கும் காட்சி எந்த நாகரிகத்துக்கும் அழகன்று. ஆனால், சுமை பெண்ணின் தலையிலிருப்பதற்கு மருந்து சுமையைக் கடைக்கு அனுப்புவதுதானா? ஆணின் தோளுக்கு மாற்றலாகாதா? கடைப் போத்தல் அப்பெண்ணுக்கு ஒருநாள் ஓய்வு தரும். அந்த ஆணுக்கோ ஆண்டு முழுவதும் ஒரு பாடமும் தராது.

முறுக்கில் என்ன மந்திரம் இருக்கிறது? நான்கு பங்கு அரிசிமாவு, ஒரு பங்கு வறுத்தரைத்த உளுந்துமாவு, எள், ஓமம், உப்பு, சிறிது வெண்ணெய். இந்நாட்டில் நீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைவோரும் உளர். வெண்ணெய் மிகுந்தால் எண்ணெயிற் பிரிந்துபோகும். மாவு இறுகினால் குழலில் இறங்காது. எண்ணெய் காயாவிட்டால் முறுக்கு எண்ணெயைக் குடிக்கும். சட்டியிற் சலசலப்பு அடங்கினால் நீர் வற்றி வெந்தது என்று பொருள். அவ்வளவே! முறுக்குக் குழலை அழுத்தத் தோள்வலி வேண்டும். அத்தோள் வீட்டில் யாருக்கு இருக்கின்றதோ அவர் அழுத்துக. தகப்பன் பிசையட்டும், மகன் பிழியட்டும், சிறுவர் எள் புடைக்கட்டும், பாட்டி பதம் சொல்லட்டும், தாய் ஒருநாள் உட்கார்ந்திருக்கட்டும். மாவு பிசைந்த மகன், உணவு வானத்திலிருந்து விழுவதில்லை என்று அறிவான். சகோதரியோடு சட்டிமுன் நின்றவன், நாளை மனைவியை வேலைக்காரி என்று எண்ணமாட்டான்.

இவ்வேலையிலே ஒட்டிக்கொண்டிருக்கும் மூடத்தனங்களையும் எண்ணெயோடு வடித்துக் கொட்ட வேண்டும். மாதவிலக்கானவள் சட்டியருகே வந்தால் பலகாரம் கெடும் என்பதும், கைம்பெண் கை முதலிற் பட்டால் அமங்கலம் என்பதும் இன்னும் சில வீடுகளில் நடக்கும் கொடுமைகள். அதிரசம் கெடுவது பாகின் பதம் தவறுவதால். பெண்ணின் நிழலால் அன்று. கணவனை இழந்தவள் முதல் முறுக்கைச் சட்டியிலிடும் வீடே நமக்கு மங்கல வீடு.

விற்பவர்மீது நமக்குப் பகையில்லை. ஈப்போவின் புந்தோங்கில் காச்சாங் பூத்தே கம்பத்தார் மாவையும் கடலையையும் கொண்டே ஒரு தொழிலை வளர்த்து, நாடறிந்த பெயர் பெற்றனர். முறுக்குப் பிழிந்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மாரை நாம் வணங்குகிறோம். அவர்களிடம் தாராளமாக வாங்குக. பேரம் பேசாமல் வாங்குக. ஆனால் அண்டை வீட்டுக்குப் போகும் தட்டில் ஒரு பண்டமாவது உம் வீட்டார் எல்லார் கையும் பட்டதாக இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கிய பொருள், 'எனக்கு வசதியுண்டு' என்று சொல்லும். கையாற் செய்த பொருளோ, 'உமக்காக என் நேரத்தைக் கொடுத்தேன்' என்று சொல்லும். கூடாரமடித்து, சமையலாள் வைத்து, கடன் வாங்கி நடத்தும் திறந்த இல்ல உபசரிப்பைப் பற்றி ஒரு சொல். வாசலைத் திறந்தீர், நன்று. வந்தவர் நூற்றுவரில் மறுநாள் நீர் யார் வீட்டுப் படியேறினீர்?

'நாங்கள் தீபாவளி கொண்டாடுவதில்லை' என்னும் பகுத்தறிவுத் தோழர்களுக்கும் விலக்கில்லை. நரகாசுரன் கதையை நம்பினால்தான் அரிசிமாவு பொரியுமா? 1952இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழர் திருநாள், மதமும் ஜாதியும் பாராது தமிழர் அனைவர்க்கும் பொங்கலைப் பொதுநாளாக்கியது. அந்நாளிற் செய்க. பிள்ளை தேர்வில் தேறியதற்குச் செய்க. காரணம் இல்லாவிட்டால், அடுத்த வீட்டார் இருக்கின்றனர் என்ற ஒரு காரணம் போதாதா?

தோழர்களே! பெருஞ்செலவு வேண்டா, பத்துவகை வேண்டா. ஒரு விடுமுறை நாள், ஒரு சட்டி, இரண்டு பண்டம். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சேர்ந்து செய்க. செய்ததைக் குழந்தைகள் கையிலேயே கொடுத்தனுப்புக. இதுவரை உங்கள் தட்டு ஏறாத படி எதுவோ, அப்படிக்கு முதலில் அனுப்புக. அங்கிருந்து திரும்பி வரும் தட்டில் எது இருந்தாலும், அக்குழந்தைகள் பார்க்க, முதற்கை நீங்கள் வைத்து உண்க. ஜாதி ஒழிப்பைப் பற்றிப் பள்ளியில் அவர்கள் படிக்கப்போகும் எந்தப் பாடமும் இதற்கு ஈடாகாது.