கடலையும் கடுகும்

சூரியனை அல்லாமல் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். உறுதிசெய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 2025-இல் 6,000-ஐத் தாண்டியது. குழந்தைகளுக்கான நூல்களில் இவை பெரும்பாலும் வண்ணப் படங்களாகவே அறிமுகமாகின்றன: நீலக் கடல், செம்பாறை, வானில் இரண்டு சூரியன். அவை ஓவியர்களின் கற்பனை. உண்மையில் படம்பிடிக்கப்பட்ட புறக்கோள்கள் மிகச் சில. அவையும் வெறும் ஒளிப்புள்ளிகள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு, பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று குழந்தை கேட்கும். சொல்லித்தர வேண்டியது அதைத்தான்.

பெரும்பாலான புறக்கோள்கள் சிக்கியது, கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீன் மங்குவதை வைத்து. இருட்டறையில் 10 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டை பல்பு சூரியன் என்றால், நூலில் கட்டிய 1 செ.மீ. கொண்டைக்கடலை வியாழன். பல்பை ஒட்டி அது கடக்கும்போது நூறில் ஒரு பங்கு ஒளி மறைகிறது. கண்ணுக்கு அது தெரியாது. அதனால் முதலில் கடலைக்குப் பதில் எலுமிச்சம்பழத்தை நகர்த்தினால் செல்பேசியின் ஒளிமானியில் எண் இறங்குவதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கலாம். பூமியோ 1 மி.மீ. கடுகு: மறைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவு நுண்மையோடு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கண்காணித்தது 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம். ஒருமுறை மங்கினால் போதாது. சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் மங்க வேண்டும்.

சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதல் கோளை 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் வேறு வழியில் கண்டார்கள்: கோளின் ஈர்ப்பால் விண்மீன் தள்ளாடுவதை அளந்து. வியாழனில் பாதி நிறையுள்ள அந்தக் கோள் நாலேகால் நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. பெருங்கோள்கள் விண்மீனுக்கு வெகு தொலைவில்தான் இருக்கும் என்று கருதப்பட்ட காலம் அது. கணிப்பு தவறியதையும் குழந்தைகளுக்கு மறைக்காமல் சொல்லலாம். அறிவியல் நகர்வதே அப்படித்தான். 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டு, பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் நூற்றாண்டையொட்டி, பங்கேற்ற ஒவ்வொரு நாடும் ஒரு விண்மீனுக்கும் அதன் கோளுக்கும் பெயர் சூட்டியது. இந்தியா தன் விண்மீனுக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக ‘பிபா’ என்றும், கோளுக்கு ‘சந்தமஸா’ என்றும் பெயரிட்டது. சந்தமஸாவின் ஓராண்டு நமக்கு இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். இங்கே பத்து வயதாகும் குழந்தைக்கு அங்கே 1,700 பிறந்தநாள் கடந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு எட்டாத பிபாவை, ஏப்ரல் மாத முன்னிரவில் சிம்ம மண்டலத்துக்குத் தெற்கே, சிறு தொலைநோக்கியிலேயே தேடிப் பார்க்கலாம்.