திரும்பப் பெறுகிறோம் என்கிறார்களே, யார் வந்து பெறுகிறார்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். வெளிநாட்டில் குழந்தைகளோடு இருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை படியுங்கள்.

நியூஜெர்சியில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன் அல்லவா? அங்கே பேரன் ஹோவர்போர்டு ஒன்றில் ஏறி நின்று வீடு முழுக்கச் சுற்றுவான். பேர்தான் மிதக்கும் பலகை. மிதப்பதும் இல்லை, பறப்பதும் இல்லை; இரண்டு சக்கரம், உள்ளே ஒரு பேட்டரி, அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவான். பக்கத்துத் தெரு கராஜ் சேலில் முப்பது டாலருக்கு வாங்கியதாம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த மாடல் எண்ணைக் குறித்து, அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வலைத்தளத்தில் தேடினேன். தீப்பிடிக்கும் அபாயம் என்று திரும்பப் பெற்ற பட்டியலில் அது இருந்தது. அறிவித்துப் பல வருடம் ஆகியிருந்தது. விற்றவருக்கும் தெரியாது, வாங்கிய என் மகனுக்கும் தெரியாது.

2016 ஜூலையில் பத்துக் கம்பெனிகளின் ஹோவர்போர்டுகளை, மொத்தம் சுமார் 5,01,000, திரும்பப் பெறுவதாக அந்த ஆணையம் அறிவித்தது. பேட்டரி சூடாகிப் புகைந்தது, பொறி பறந்தது, வெடித்தது என்று 99 புகார்கள். பதினெட்டுப் பேருக்காவது காயம். 2015 ஜூனிலிருந்து 2016 மே வரை 350 முதல் 900 டாலர் வரை வாங்கிக்கொண்டு விற்று முடித்த பிறகு வந்த அறிவிப்பு இது.

போன வாரம் இதைப் பற்றி இரண்டு வரி போட்டதற்கு என் பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், அஞ்சு லட்சத்துல 99 தானே, இதுக்குப் போய்..." என்று எழுதியிருந்தான். தம்பி, உனக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஐயாயிரத்துக்கு ஒன்று வருகிறது, அதுவும் ஏறக்குறைய ஒரே வருடத்தில். ஐயாயிரம் கேஸ் சிலிண்டருக்கு ஒன்று வருடா வருடம் வெடிக்கும் என்றால் உன் சமையலறையில் வைப்பாயா? புகார் கொடுக்காதவர்கள் கணக்கு இதில் சேரவும் இல்லை.

உள்ளே இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. கட்டைவிரல் பருமனில் சின்னச் சின்ன உருளைகள், பொதுவாக இருபது, ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். தயாரிப்பில் ஒரு துளி உலோகத்தூள் விழுந்தாலோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ அந்தத் தாள் போய்விடும். உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடியது. ஒன்று பற்றினால் அதன் சூடு அடுத்ததைப் பற்றவைக்கும். பிரேயரில் வரிசையாக நிற்கும்போது கடைசிப் பையன் முன்னால் இருப்பவனைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? அதேதான். அங்கே வீடுகளும் பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டியவை.

முன்கூட்டியே பிடிக்க முடியாது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்து சுமார் இரண்டு மாதத்தில் 17,000 போர்டுகளைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சோதித்து, 15,000க்கு மேல் பாதுகாப்பற்றவை என்று நிறுத்திவைத்தார்கள். பல போர்டுகளின் பிளக்கில் பியூஸே இல்லை! திறந்து பார்த்தால் தெரிகிற குறை. செய்தவனுக்குப் பார்க்க மனசில்லை.

பென்சில்வேனியா மாநிலம் ஹாரிஸ்பர்க்கில் 2017 மார்ச்சில் சார்ஜில் இருந்த போர்டு எரிந்து 2 வயதிலும் 10 வயதிலும் இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அந்தப் போர்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆணையம் எச்சரித்தது நவம்பரில். அதே மாநிலத்தில் ஹெல்லர்டவுனில் 2022 ஏப்ரலில் இன்னொரு தீ. 10 வயது, 15 வயது, அக்கா தங்கை இருவரும் போய்விட்டார்கள். தீ தொடங்கிய இடம் ஹோவர்போர்டு என்று தீயணைப்புத் துறை சொன்னது. அந்த மாடல் 53,000 திரும்பப் பெறப்பட்டது எப்போது தெரியுமா? 2023 மார்ச் கடைசியில். அந்த வீடு எரிந்த பிறகும் 2022 ஜூன் வரை அது விற்பனையில் இருந்திருக்கிறது. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. நம் வேலூரிலும் 2022 மார்ச்சில் வீட்டில் சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் எரிந்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

திரும்பப் பெறுகிறோம் என்கிறார்களே, எவனாவது வாசலில் வந்து நின்று வாங்கிப்போகிறானா? வலைத்தளத்தில் ஓர் அறிவிப்பு. கைமாறி வாங்கியவர் அதைப் பார்க்கவே வழியில்லை. என் மகன் கம்பெனிக்கு மூன்று முறை மின்னஞ்சல் போட்டான், பதில் இல்லை.

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவள் ஆக முடியாது. விஷயம் தெரிந்ததும் மகன் சொன்ன முதல் வார்த்தை: "சரிம்மா, யாருக்காவது கொடுத்திடலாம்." எனக்கு வந்த கோபத்தில், "அந்த யாரோ வீட்டிலயும் மாடியில ஒரு பிள்ளை தூங்கும்டா" என்று கத்திவிட்டேன். மருமகள் பயந்தே போனாள். திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பது அங்கே சட்டப்படியே குற்றம். குப்பையிலும் போடக்கூடாது, கடைகளில் பழைய பேட்டரி போட வைத்திருக்கும் பெட்டியிலும் போடக்கூடாது. வீட்டு அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். நாங்கள் அந்த நாள் வரும்வரை வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்துச் சிமெண்ட் தரையில் வைத்திருந்தோம். பேரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் "அப்பத்தா, தோசை" என்று வந்துவிட்டான்.

உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கவிழ்த்து, அடியில் உள்ள கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் தெரிய ஒரு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பட்டியலில் பார்த்துச் சொல்கிறேன். பதில் வரும்வரை சார்ஜ் போடாதீர்கள்.