முன்தீர்ப்பு: விலங்கா, விளக்கா?

ஒரே தவற்றுக்கு நேற்று ஒருத்திக்கு மன்னிப்பு, இன்று வேறொருத்திக்குத் தண்டனை என்றால் நாம் மனம் வருந்தமாட்டோமா? இக்குறை நேராதிருக்கவே இங்கிலாந்தில் முன்தீர்ப்பு முறை நிலவுகிறது. மேல் நீதிமன்றம் ஒரு வழக்கில் வகுத்த நெறி, அதையொத்த வழக்குகளில் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். தீர்ப்பின் ஒவ்வொரு சொல்லும் அன்று. அதற்கு அடிப்படையான காரணமே கட்டுப்படுத்தும்.

1929இல் ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி, தோழி வாங்கித் தந்த இஞ்சிப் பானப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததென்று கூறி, அதைத் தயாரித்தவர்மீது வழக்குத் தொடுத்தார். இருவருக்குமிடையே ஒப்பந்தம் ஏதுமில்லை. ஆயினும் தயாரிப்பவருக்கு, அருந்துபவர்பால் கடமை உண்டென்று 1932இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் அயலான் யார் என்னும் நற்செய்திக் கேள்வியையே ஆட்கின் பிரபு சட்டத்தின் கேள்வியாக்கினார். அத்தீர்ப்பு இங்கிலாந்துக்கும் வழிகாட்டியது.

தன் பழைய தீர்ப்புகளைத் தானே மீறலாகாது என்று 1898இல் உறுதிசெய்த அச்சபை, நியாயம் வேண்டுமிடத்து விலகலாம் என்று 1966இல் அறிவித்தது. 2009இல் அதன் இடத்தைப் பெற்ற உச்ச நீதிமன்றமும் இவ்வழியே செல்கிறது.

இதுவே சரியென்பது எங்கள் கருத்து. முன்னோர் தீர்ப்பு நம் கையிலுள்ள விளக்காகட்டும். காலில் பூட்டிய விலங்காக வேண்டாம்!